கோதுமையும் குறுந்தொகையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் தமிழில் வெளிவருபவை பெரும்பாலும் மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்கான வழிகாட்டிகளாகவே அமைந்துவிடுகின்றன. விடுதி அறை, நீச்சல் குளம், விளையாட்டரங்கு, கட்டண விவரம் என்ற அளவில் அவை நின்றுவிடும். கவிஞர்கள் கூடியிருக்கும் இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வளாகங்களின் ஒரே ஒரு வசதியைப் பற்றிப் பேசினால் போதும் என்று கருதுகிறேன். அது நூலகம். இன்னும் திட்டமாகச் சொன்னால், நூலகத்தின் நிலவறை.

‘கேம்பஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குத் திறந்த வெளி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் பிரின்ஸ்டனில் கல்லூரியைச் சூழ்ந்த நிலத்துக்கு அச்சொல் வழங்கத் தொடங்கியது. 1862இல் நிறைவேறிய மோரில் சட்டம் கல்லூரிகள் அமைப்பதற்காக மாநிலங்களுக்கு ஏராளமான நிலத்தை வழங்கிற்று. அந்நிலம் பழங்குடி மக்களிடமிருந்து பெறப்பட்டதும் பறிக்கப்பட்டதும் ஆகும் என்பதை இன்று அந்நாட்டவரே எழுதுகின்றனர். 1857இல் தோன்றிய நம் சென்னைப் பல்கலைக்கழகமோ, தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே மண்ணில் தங்கி வாழும் பல்கலைக்கழகத்தை நம் பகுதி கண்டது 1929இல், கொள்ளிடத்துக்கு வடக்கே அண்ணாமலைநகரில்தான்.

சிகாகோ பல்கலைக்கழகம் 1890இல் நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவர் ஹார்ப்பரின் பெயரைத் தாங்கிய நூலகம் 1912இல் திறக்கப்பட்டது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதிவந்த அ.கி. இராமானுசன் 1962இல் அங்குப் பணியேற்றார். வந்த சில நாட்களிலேயே, ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி அந்நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கியிருக்கிறார். கையில் அகப்பட்டது வேறொரு நூல்: 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த சங்கத் தொகை. அடுக்குகளுக்கிடையே தரையிலேயே அமர்ந்து புரட்டினார். உரைநடையில் இருந்த உரை எளிதில் விளங்கிற்று. உரை விளங்கவே பாட்டும் திறந்துகொண்டது. தனக்கு உரிய சொத்தைத் தான் அறியாமலே இருந்ததை அவர் பின்னர் எழுதியுள்ளார். அன்றைய வாசிப்பின் தொடர்ச்சியாகவே 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கிலத் தொகுப்பும், 1985இல் அகமும் புறமும் சேர்ந்த பெருந்தொகுப்பும் வெளிவந்தன. ஆங்கிலம் வழியாகச் சங்கக் கவிதையை அறிந்த உலகக் கவிஞர் பலருக்கு வாயில் அமைத்தவை அவை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, வாசகனே அடுக்குக்குள் நுழையலாம் என்ற ஏற்பாடு. சீட்டில் நூற்பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மேசைமுன் காத்திருக்கும் முறையில் இராமானுசனுக்கு இலக்கணம் கிடைத்திருக்கும், குறுந்தொகை கிடைத்திருக்காது. தேடாததைக் கண்டெடுக்கும் உரிமை என்று இதனைச் சொல்லலாம். நீச்சல் குளத்தைவிட இது பெரிய வசதி என்பது என் எண்ணம்.

அந்தப் பழம்பதிப்பு எவ்வழியில் சென்றதோ, அதே 1962 முதல் தமிழ் நூல்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியதற்குக் காரணம் கோதுமை. 1954 சூலையில் கையெழுத்தான பொதுச்சட்டம் 480இன்படி அமெரிக்கா தன் உபரித் தானியத்தை இந்தியாவுக்கு ரூபாய்க்கே விற்றது. நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டதும் அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான். அறுபதுகளின் வறட்சியில், நெல் விளையும் இந்நாட்டிலும் கோதுமை உண்ணப் பழகியவர்களுக்கு அச்சட்ட எண் மறந்திருக்காது. விற்றுக் குவிந்த ரூபாயை இந்தியாவிலேயே செலவிட வேண்டியிருந்தது. 1958இல் வந்த திருத்தம் அப்பணத்தில் நூல் வாங்க வழிசெய்தது. 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அலுவலகம் புதுதில்லியில் தொடங்கப்பட்டு, இந்திய மொழிகள் பலவற்றின் நூல்களையும் இதழ்களையும் வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாயிற்று. செவ்விலக்கியப் பதிப்புக்கும் தொடர்கதை நூலுக்கும் ஒரே கப்பல்தான்.

அதே 1958இல், ருசியா விண்ணில் ஏவிய ஸ்புட்னிக்கைக் கண்டு அஞ்சி இயற்றப்பட்ட பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பணம் அங்கே தென்னாசிய மொழித் துறைகளை வளர்த்தது. தலைவி தோழியிடம் உரைத்த கூற்றுக்குப் படைத்துறை அச்சம் பொருளுதவி செய்தது என்பது வரலாற்றின் குறும்பு. சிகாகோவில் 1970இல் எழுந்த ரீகன்ஸ்டைன் நூலகம் நிற்கும் இடமும் அப்படிப்பட்டதே. 1942 திசம்பர் 2ஆம் நாள் முதன்முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்த்தப்பட்ட பழைய விளையாட்டரங்கின் மண் அது. இன்று அங்கே தமிழ் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன.

நம் ஊர் அம்மையாரும் அவ்வளாகங்களுக்குச் சென்றுள்ளார். 1956இல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் காரவேலனின் மொழிபெயர்ப்பில் அவருடைய பாடல்களைப் பிரெஞ்சில் வெளியிட்டது. அதன்பின் சிகாகோவில் தமிழ் கற்பித்த நார்மன் கட்லர் 1987இல் தம் பக்தி இலக்கிய ஆய்வில் அவரை எடுத்துக்கொண்டார். 2010இல் டெக்சாசில் பணியாற்றிய எலேன் கிராடக் அம்மையாருக்கென்றே தனிநூல் எழுதினார். கருக்களாச்சேரிக் கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில் ஆண்டுதோறும் மாங்கனி இறைக்கும் நாம் இவற்றுள் எத்தனையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

பசிக்குக் கோதுமை தந்து ஏட்டைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. முழுதும் ஏற்க இயலவில்லை. அவர்கள் வாங்கியவை கடையில் விற்ற அச்சுப்படிகள். மற்றப் படிகள் நம்மிடமே இருந்தன. அவற்றைச் செல்லுக்கும் பழைய தாள் வாங்குபவருக்கும் விட்டவர்கள் நாம். ஆயினும் இங்கேயே காத்தவரும் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் வரை திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது, பக்கங்கள் நுண்படமாக்கப்பட்டன. மூலம் தமிழ்நாட்டில், படி அங்கே என்று முறை மாறியது.

ஆர்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டாலர் திரட்டியபோது, மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் தொடங்கிய முயற்சிக்குத் தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் அளித்தது. 2018இல் தொகை நிறைந்தது. மகிழத்தக்கதே. நம் வட்டத்தால் இயல்வது அதைவிட மிகச் சிறியது. மலர்களும் கவியரங்கத் துண்டறிக்கைகளும் உறுப்பினர் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றை ஒருமுறை இறக்கி, ஆண்டுவாரியாக அடுக்கி, ஒரு படியை நம் ஊர் நூலகத்துக்கும் ஒரு படியைத் தரமணியிலுள்ள அந்த ரோஜா முத்தையா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். இம்மலரின் படிகளையும் அக்கட்டிலேயே சேர்த்துவிடலாம்.