கேமிங் லேப்டாப்பைத் திறந்து மேம்படுத்துதல்

மேசைக் கணினியில் ஏறக்குறைய எந்த உறுப்பையும் மாற்றலாம். கேமிங் லேப்டாப்பில் தொழிற்சாலை சால்டர் செய்யாமல் விட்டுவைத்ததை மட்டுமே மாற்ற முடியும். பெரும்பாலான மாடல்களில் அது ரேமும் எஸ்எஸ்டியும்தான். பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்தவை.

செலவுக்கேற்ற பலன் அதிகம் கிடைப்பது ரேமில். விலை குறைந்த மாடல்கள் பலவும் ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்குடன் விற்பனைக்கு வருகின்றன. இன்னொரு ஸ்லாட் காலியாகக் கிடக்க, பிராசசர் பாதி அகலப் பாதையில் தரவை இழுத்துக்கொண்டிருக்கும். அதே வகை ஸ்டிக் ஒன்றைச் சேர்த்தால் கொள்ளளவும் பாதையின் அகலமும் சேர்ந்தே இரட்டிக்கின்றன. தலைமுறை மாறக் கூடாது: டிடிஆர்4 ஸ்டிக்கில் 260 பின்கள், டிடிஆர்5 ஸ்டிக்கில் 262. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது.

ஸ்லாட்டே இல்லாதவையும் உண்டு. 2020இல் வந்த அசூஸ் செஃபிரஸ் ஜி14இல் கொஞ்சம் ரேம் போர்டில் இருந்தது, கூடவே ஒரு ஸ்லாட்டும் இருந்தது. 2024 மாடலில் உடல் மெலிந்தது, ஸ்லாட் போய்விட்டது.

எஸ்எஸ்டி மாற்றுவது எளிது. பரவலாகப் பயன்படும் எம்.2 அட்டை 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்டது, சாய்வாகச் சொருகி ஒரே திருகால் இறுக்கிவிடலாம்.

கை நிதானம் தேவைப்படுவது மூடியைத் திறக்கும்போதுதான். திருகுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துவிடும். அதனால் கழற்றிய வரிசையிலேயே அவற்றை அடுக்கி வைப்பார்கள். விளிம்புக் கொக்கிகளை நெம்பப் பிளாஸ்டிக் தகடு போதும், இரும்பு வேண்டாம். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது.

வெப்பப் பசை உலர்ந்தால் புதிது தடவலாம். ஆனால் அசூஸ் ரோக் வரிசை லேப்டாப்கள் பலவற்றில் பசைக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. காலியம் கலந்த இந்த உலோகக் கலவை மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். தெரியாமல் துடைக்கப் போய் ஒரு துளி சிதறினாலும் மதர்போர்டு பழுதாகலாம்.

விளையாடுகிறவர் உண்மையில் மாற்ற விரும்புவது கிராஃபிக்ஸ் சிப்பை. 2019இல் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் ஏரியா-51எம், மேசைக் கணினிப் பிராசசரோடும் கழற்றக்கூடிய கிராஃபிக்ஸ் அட்டையோடும் வந்தது. மறுவருடமே வந்த இரண்டாம் பதிப்பில் பிராசசர் சாக்கெட் மாறியது. பழைய போர்டில் புதிய தலைமுறைப் பிராசசர் பொருந்தவில்லை.

ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16 வேறு வழியில் போனது. கிராஃபிக்ஸ் சிப்பும் அதற்கான விசிறிகளும் பின்பக்கம் கழற்றி மாட்டும் தனிப் பெட்டகமாக இருக்கின்றன. 2024இல் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் பெட்டகத்துடன் வாங்கியவர், 2025இல் அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டகத்தை அதே லேப்டாப்பில் பொருத்தலாம். கிராஃபிக்ஸ் நினைவகம் மட்டும் இரண்டிலும் 8 ஜிபிதான்.