திருத்தச் சீட்டும் கார் வரைபடமும்

அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை திருத்தச் சீட்டு ஒட்டுவது. விதிப் புத்தகங்களில் மாறிய வரிகளைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக அச்சிட்டு மேலிடத்திலிருந்து அனுப்புவார்கள். பழைய வரியின் மேல் கோந்து தடவி ஒட்டி, ஓரத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இடவேண்டும். "தம்பி, சீட்டு ஒட்டாத புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதினா, தப்பு புத்தகத்தோடது இல்ல, உன்னோடது" என்பார் தலைமை எழுத்தர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'மீஸ் ஆ ழூர்' என்று பெயர். நாளது தேதிக்குக் கொண்டுவருதல் என்று பொருள். கைப்பேசியில் 'அப்டேட்' என்று வரும்போதெல்லாம் எனக்குக் கோந்து வாசனைதான் நினைவுக்கு வருகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை, புதுச்சேரியில் அக்கா தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. மருமகன் தன் காரில் அழைத்துப் போனார். பழைய கார், பழக்கமாக அதன் திரையிலேயே வழி போட்டுவிட்டார். கிருஷ்ணகிரியில் திரும்பியதும் திரை 'தேசிய நெடுஞ்சாலை 66' என்றது. சாலையோரப் பலகையோ 77 என்றது. "என்ன மாமா, வேற ரோட்டுக்கு வந்துட்டமா?" என்று கேட்டார். ரோடு அதேதான், எண்தான் மாறியிருக்கிறது என்றேன். அதன் பிறகு வந்த ஓர் ஊரில் புறவழிச்சாலை இருப்பது அந்தத் திரைக்குத் தெரியவில்லை. எங்களைக் கடைத்தெருவுக்குள் கொண்டுபோய்விட்டது. அன்று சந்தை வேறு. முக்கால் மணி நேரம் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவை எடுக்கத் தயாராக இருந்தார்கள். முகத்தை ஒரு நிமிடம் பார்த்தேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபின், இந்தத் திரை ஏன் நம்மை அப்படி அலைக்கழித்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்த எண் விவகாரம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி வரும் சாலைக்கு முன்பு 66 என்றே எண். 2010-இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். நம் ஓசூர் சாலை 7 என்பது 44 ஆனது. கிருஷ்ணகிரி - திண்டிவனம் பகுதி 77 ஆனது. 66 என்ற எண் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் மேற்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டது. காரிலிருந்த வரைபடம் அதற்கும் முந்தையது. அதற்குச் சீட்டு ஒட்ட யாரும் இல்லை.

வரைபடத்துக்குத் திருத்தம் போடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1752-இல் தான்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் இருந்தபடியே இந்தியாவுக்கு ஒரு வரைபடம் போட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. பயணிகளின் குறிப்புகளை வைத்துப் போட்டார். தகவல் கிடைக்காத இடங்களை வெறுமையாக விட்டுவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று விடுகிற அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 1767-இல் சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியது. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி வட்டாரம், கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை போட்டார்கள்.

அடுத்து வந்தவர் வில்லியம் லாம்டன். 1800-இல் பெங்களூர் அருகே ஓர் அடிக்கோடு அளந்து பார்த்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏறத்தாழ 7.5 மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் சென்னைக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதுகிறேன்.

அந்த அளவையில் தெரிந்தது என்ன? தென்னிந்தியாவின் குறுக்கே, கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையில், பழைய வரைபடங்கள் சுமார் 40 மைலைக் கூடுதலாகக் காட்டியிருந்தன. நிலம் சுருங்கவில்லை, காகிதம்தான் திருத்தப்பட்டது.

இனி வானத்துக்கு வருவோம். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. முதல் செயற்கைக்கோள் 1978-இல் போயிற்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவற்றில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுவிடும். பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அதை நிறுத்தினார். அதன் பிறகு கார்களுக்கு இது மேலும் துல்லியமாகப் பயன்பட்டது. நம் நாடும் 2013 முதல் தனிச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. 2016-இல் அந்த அமைப்புக்கு 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்று கவனியுங்கள். செயற்கைக்கோள் நமக்கு வழி சொல்வதில்லை. இடத்தை மட்டும்தான் தெரிவிக்கிறது. அந்த இடத்தில் என்ன சாலை இருக்கிறது என்பதைக் காருக்குள் இருக்கும் வரைபடம் சொல்கிறது. எந்தச் சாலையில் திரும்புவது என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. இவை மூன்று தனித்தனிக் கோப்புகள். அன்று எங்கள் செயற்கைக்கோள் சரியாகத்தான் சொன்னது. வரைபடம்தான் பழசு.

தேதிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஜி.பி.எஸ். வாரங்களை எண்ணும். 1,024 வாரம் ஆனால் எண் தீர்ந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி ஆனது. மென்பொருளைப் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில, ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் போய்த் தேதி காட்டின.

காரில் வழிகாட்டி என்பது 1981-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் கொண்டுவந்ததோடு தொடங்குகிறது. அதில் செயற்கைக்கோள் கிடையாது. ஒளி ஊடுருவும் வரைபடத் தாளை உள்ளே செருகவேண்டும். பிறகு குறுந்தகடு, அதன்பின் நகம் அளவு மெமரி கார்டு. திருத்தம் வேண்டுமானால் புது கார்டு வாங்கவேண்டும். இப்போது காற்று வழியாகவே வந்துவிடுகிறது.

அது நம் ஊரிலேயே நடப்பதுதான் வேடிக்கை. 1980-இல் டி.வி.எஸ். 50 வண்டி ஓசூரிலிருந்து வெளிவந்தபோது அதில் மென்பொருள் ஏது? ஸ்பேனரும் ஸ்பார்க் பிளக்கும் போதும். 2021-இல் ஓசூரில் ஏத்தர் தொழிற்சாலை திறந்தது. அந்த ஸ்கூட்டரின் திரையிலேயே வரைபடம் ஓடும். போச்சம்பள்ளியில் ஓலா ஆலை வந்தது. அந்த வண்டிக்கு வழிகாட்டும் வசதி 2022-இல் மென்பொருளாகப் பின்னால் வந்து சேர்ந்தது. விற்ற பிறகும் வண்டி மாறிக்கொண்டே இருக்கிறது.

நல்லதுதான். ஆனால் எழுத்தரின் புத்திக்கு ஒரு கேள்வி வருகிறது. அரசு ஒரு விதிப் புத்தகம் வெளியிட்டால், அது அமலில் இருக்கும்வரை திருத்தச் சீட்டு அனுப்பும். மருமகன் காரின் வரைபடத்துக்கு விசாரித்தபோது, "அந்த மாடலுக்கு இனி அப்டேட் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. கார் அமலில்தான் இருக்கிறது. சீட்டு மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே நண்பர்களே, பிள்ளைகள் புது வண்டி வாங்கும்போது மைலேஜோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: வரைபடத் திருத்தம் எத்தனை வருடம் வரும், அதற்குக் கட்டணம் உண்டா? வெளியூர் கிளம்புமுன் கைப்பேசியில் அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சாலைப் பலகையை நம்புங்கள். இல்லாவிட்டால் டீக்கடையில் நிறுத்திக் கேளுங்கள்.

அன்று நான் கேட்டிருக்கலாம். பலகை 77 என்று காட்டியபோதே அந்தத் திரை பழசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அது சொன்ன பக்கமே திரும்பவிட்டேன். தலைமை எழுத்தர் சொன்னது சரிதான்.