கார்காசோன்: காரணம் தேடிய பெயர்

இடுகுறி என்றும் காரணம் என்றும் பெயர்களை இருவகைப்படுத்துவது தமிழிலக்கண மரபு. காரணம் மறந்துபோன பெயருக்கு மக்கள் தாமே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்வதும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து உலகெங்கும் பரவிய 'கார்காசோன்' என்னும் பலகை விளையாட்டின் பெயர் அதற்கு நல்லதொரு சான்று.

கிளாவுஸ்-யூர்கன் விரேடே உருவாக்கிய இவ்விளையாட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்து, 2001இல் ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதைப் பெற்றது. 72 சதுர அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மதில் மதிலோடும் பாதை பாதையோடும் பொருந்துமாறு இணைத்துச் செல்வதே ஆட்டம். தென் பிரான்ஸில் ஓத் ஆற்றங்கரையில் இரட்டை மதில் சூழ நிற்கும் பழைய கோட்டைநகரே இதற்குப் பெயர் தந்தது.

அந்நகரின் பெயருக்கோ ஒரு கதை உண்டு. பேரரசன் சார்லமேன் ஐந்தாண்டுகள் முற்றுகையிட்டதால் உள்ளே உணவு அற்றது. கோட்டைத் தலைவி கார்காஸ், எஞ்சியிருந்த ஒரே பன்றிக்கு எஞ்சியிருந்த கோதுமையை ஊட்டி, மதிலினின்றும் கீழே எறியச் செய்தாள். பன்றியின் வயிறு பிளந்து கோதுமை சிதறக் கண்ட பகைவர், பன்றிக்கே தானியம் இடும் வளம் உள்ளே இருப்பதாக மயங்கி முற்றுகையை நீக்கினர். வெற்றிமணி முழங்கிற்று. 'கார்காஸ் ஒலிக்கிறாள்' என்று பொருள்படும் 'கார்காஸ் சோன்' என்னும் பிரெஞ்சுத் தொடரே ஊர்ப்பெயராயிற்று என்பர்.

நயமான கதை, ஆயின் காலம் அதற்கு இசையவில்லை. சார்லமேன் அரியணை ஏறியது 768இல். கி.பி. 79இல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினியின் நூலிலேயே இவ்வூர் 'கார்காசோ' எனக் குறிக்கப்பெற்றுள்ளது. பெயரிலிருந்து கதை பிறந்ததேயன்றிக் கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை.

கோட்டையும் பிற்காலத்தார் கைபட்டே நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மதில்கள் இடிபடும் நிலை நேர்ந்தபோது, உள்ளூர் அறிஞர் குரோ-மேரவியேலும் எழுத்தாளர் மெரிமேயும் அவற்றைக் காக்கப் போராடினர். 1853இல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார். அவர் அமைத்த கூம்புக் கூரைகள் வடபிரான்ஸுக்கு உரியவை என்ற கண்டனம் எழுந்தது. எனினும், அவ்வாறு மீண்ட கோட்டையே 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

நார்போன் வாயிலருகே கார்காஸின் சிலை இன்றும் நிற்கிறது. வரலாறு அவளை ஏற்கவில்லை. ஊர் அவளைக் கைவிடவில்லை. கதையை வரலாறென மயங்காமலும், வரலாறன்று என்பதற்காகக் கதையை எறிந்துவிடாமலும், இரண்டையும் அதனதன் இடத்தில் பொருத்திவைப்பது சொல்லை ஆள்வோர் கடன்.