மான்செஸ்டரின் மழையும் ஆல்கலிச் சட்டமும்: ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தின் காற்றாய்வு

தொழிற்சாலைக் காற்று மாசு பற்றிய வரலாறுகள், ஆய்வு முதலில் தோன்றியது, சட்டம் அதனைப் பின்தொடர்ந்தது என்று கூறுவது வழக்கம். 'அமில மழை' என்னும் சொல்லை ஆங்கில அறிவியல் வழக்கிற்குக் கொணர்ந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தின் (1817–1884) பணியைக் கால முறைப்படி நோக்கினால் இக்கூற்று பொருந்தவில்லை. அவர் முதலில் கண்டறிந்த மாசினைச் சட்டம் தொடவில்லை. சட்டம் தொட்ட மாசினை அளப்பதிலேயே அவருடைய பிற்கால உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது.

ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக்கிடம் வேதியியல் பயின்ற ஸ்மித், பின்னர் மான்செஸ்டரில் குடியேறினார். அந்நகரின் காற்றையும் மழையையும் பற்றி 1852இல் அவர் வெளியிட்ட கட்டுரை மூவகைக் காற்றினை வேறுபடுத்தியது. தொலைவிலுள்ள வயல்வெளிகளில் அம்மோனியம் கார்பனேட்டும், புறநகரில் அம்மோனியம் சல்பேட்டும், நகரின் நடுவே கந்தக அமிலமும் காணப்பட்டன. நகரை நெருங்க நெருங்க மழை அமிலத்தன்மை பெற்றது; அதற்கு மூலம் நிலக்கரியிலுள்ள கந்தகம். சாயமிட்ட துணி வெளிறுவதையும் உலோகம் துருப்பிடிப்பதையும் அவர் இதனோடு தொடர்புபடுத்தினார். பருத்தித் துணியால் வாழ்ந்த நகரில் இது சிறிய செய்தியன்று. ஆயினும் நிலக்கரியே அந்நகரின் உயிர்நாடியாகவும் இருந்தது.

1863ஆம் ஆண்டின் ஆல்கலிச் சட்டம் வேறொரு வாயுவைக் குறிவைத்தது. லெப்லாங்க் முறையில் சோடா தயாரிக்க, உப்பைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்குவர். 100 டன் உப்பிலிருந்து ஏறத்தாழ 62 டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். லிவர்பூல், செயின்ட் ஹெலன்ஸ் பகுதிகளில் அது மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. உயரமான புகைபோக்கிகள் கட்டப்பட்டபோது பாதிப்பு குறையவில்லை. தொலைவிலிருந்த நிலங்களுக்கும் பரவியது. 1862இல் இதனை விசாரித்த பிரபுக்கள் அவைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டெர்பி பிரபுவின் நோஸ்லி பண்ணை செயின்ட் ஹெலன்ஸுக்கு அருகிலேயே இருந்தது. தொழிலாளரின் நுரையீரலைவிட நிலவுடைமையாளரின் மரங்களே நாடாளுமன்றத்தை விரைவில் எட்டின எனலாம். உலைக்கருகில் நின்று அதே வாயுவைச் சுவாசித்தவர்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

இவ்வாயுவைச் சட்டத்திற்கு உட்படுத்த இயன்றதற்கு வேதியியல் காரணமும் உண்டு. அது நீரில் மிக எளிதாகக் கரையும். வில்லியம் காசேஜ் 1836இல் காப்புரிமை பெற்ற கோபுரத்தில், உள்ளே அடைத்த பொருள்களின்மீது மேலிருந்து நீர் வழிய, கீழிருந்து ஏறும் வாயு அதில் கரைந்தது. தீர்வு கையிலிருந்த மாசுக்கே சட்டம் வந்தது. உண்டாகும் வாயுவில் 95 விழுக்காட்டைக் கரைத்து நிறுத்த வேண்டும் என்பது விதி. கரைந்த அமிலம் ஓடைகளில் விடப்பட்டு, அங்கே சோடாக் கழிவுடன் கலந்து ஹைட்ரஜன் சல்பைடாக எழுந்தது வேறு கதை.

முதல் ஆய்வாளராக அமர்த்தப்பட்ட ஸ்மித், நான்கு துணை ஆய்வாளர்களுடன் பணியைத் தொடங்கினார். வழக்குத் தொடுப்பதைவிட ஆலை உரிமையாளரை அறிவுறுத்தி இணங்கச் செய்வதையே அவர் விரும்பினார். விழுக்காட்டு விதியில் இரு இடர்கள் இருந்தன. தப்பிய பங்கினைக் கணக்கிட, ஆலை எவ்வளவு உப்பைப் பயன்படுத்தியது என்பது தெரிய வேண்டும். மேலும், உற்பத்தி பெருகினால் அனுமதிக்கப்பட்ட 5 விழுக்காடும் பெருகும். ஆலைகள் நெருங்கிய ஊரில் ஒவ்வோர் ஆலையும் விதிக்கு உட்பட்டிருக்க, காற்று மட்டும் கெடும். 1874ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை ஓரளவு நீக்கியது. புகைபோக்கி வாயுவின் ஒரு கன அடியில் 0.2 கிரெயினுக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருத்தலாகாது என்றது. இன்றைய அளவில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 460 மில்லிகிராம். இதன்பின் புகைபோக்கியில் எடுத்த மாதிரியே சான்றாகப் போதுமானதாயிற்று.

அதே சட்டம் தீங்கு தரும் பிற வாயுக்களையும் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்க நடைமுறையில் இயன்ற சிறந்த வழியைக் கையாளுமாறு ஆல்கலி ஆலைகளுக்குக் கட்டளையிட்டது. பட்டியலில் கந்தக வாயுவும் இருந்தது. ஆனால் நிலக்கரி எரிவதால் உண்டாகும் கந்தக வாயுவுக்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கப்பட்டது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1872இல், பல ஊர்களின் மழைநீரைப் பகுத்தாய்ந்த 'காற்றும் மழையும்' என்னும் நூலை ஸ்மித் வெளியிட்டு, நகர மழையின் அமிலத்திற்கு நிலக்கரியே முதன்மைக் காரணம் என மீண்டும் நிறுவியிருந்தார். அரசின் ஆய்வாளராக அவர் அளக்கக் கடமைப்பட்டது ஒன்று; வேதியியலாளராக அவர் கண்டது மற்றொன்று.

அந்நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மழைநீரின் அமிலத்தன்மையை எவில் கோரம் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆராய்ந்து வெளியிட்டது 1955இல். ஸ்வீடனில் ஸ்வான்டே ஓடன் அதனை எல்லை கடந்த சிக்கலாக முன்வைத்தது 1960களின் இறுதியில். இடையே, 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் நிகழ்ந்த புகைமூட்டச் சாவுகளுக்குப் பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அது கரும்புகையைக் கட்டுப்படுத்தியது. கந்தக வாயுவுக்கு அளவு வரம்பு எதையும் விதிக்கவில்லை. புதிய புகைபோக்கிகள் போதிய உயரமுடையனவாக இருத்தல் வேண்டும் என்று மட்டும் கூறியது.