திருவொற்றியூர் வண்டி, கரோல் பாக் கை

1989-இல் செகண்ட் ஹேண்டாக ஒரு 350 சிசி புல்லட் வாங்கினேன். அப்போது கரோல் பாக்கில், மொட்டைமாடியில் ஒற்றை அறை வாசம்; டில்லியில் அதற்கு பர்சாத்தி என்று பெயர். நார்த் பிளாக் ஆபீசுக்கு ஒரு மாதம் ஓட்டியதிலேயே இரண்டு மணிக்கட்டும் மரத்துப்போயின. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அங்கேயே நாயிவாலாச் சந்தில் ஒரு மெக்கானிக் உஸ்தாதிடம் போகச் சொன்னார்கள்.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “உட்காருங்க பாபுஜி. கண்ணை மூடிக்குங்க. தோளைத் தளர்த்திட்டு, கையை அது போற இடத்துக்குப் போக விடுங்க” என்றார். கண்ணைத் திறந்தால், ஹேண்டில்பாரின் பிடிக்கு மூன்று விரல்கடை முன்னாலேயே கை நின்றிருந்தது.

வண்டி எங்கள் ஊர்க்காரன். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் உருவானது என்ஃபீல்டு இந்தியா. எல்லைக் காவலுக்காக அரசு கேட்ட 800 புல்லட்டுகளில்தான் கதை தொடங்குகிறது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் அப்படியே தொடர்ந்தது. சிப்பாய்க்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே ஹேண்டில்பார். அதை ஆளுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுத்தவை இந்தச் சந்தின் கைகள். பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த ஏராளமான குடும்பங்களைப் போல உஸ்தாதின் குடும்பமும் கரோல் பாக்கில் வேர்விட்டது. அவர் அப்பாவுக்கு லாயல்பூரில் சைக்கிள் கடை. ஆளைப் பார்த்ததும் ஹேண்டில் உயரம் சொல்லும் கண் அங்கிருந்து வந்தது.

கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை என் பக்கமாகத் துளி திருப்பினார். நடுத் தண்டில் நெல்மணி அளவு நகர்ந்தால் பிடி மூன்று விரல் கிட்டே வந்துவிடும்! பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களை முழங்கையிலிருந்து விரல் வரை நேர்கோடு அமையும்படி சாய்த்தார். கடைசியில், எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பினார். வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறியது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. திருப்பத்தில் வண்டி தானாகப் பாயும். கேபிளை வேறு வழியாக மாற்றி விட்ட பிறகே என்னை அனுப்பினார். அந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஹேண்டிலைத் தொடக்கூடாது என்று இன்றும் சொல்லிவருகிறேன்.

1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தபின் இளைஞர்கள் தாழ்ந்த பார் கேட்டார்கள். உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும் என்று உஸ்தாத் தடுத்துப் பார்ப்பார். லடாக் கிளம்புகிறவர்கள் கேட்டது நேர் எதிர். 5,328 மீட்டர் உயரத் தங்லங் லா வழியில், சரளைக்கல்லில் ஃபுட்ரெஸ்ட்மேல் எழுந்து நின்று ஓட்ட வேண்டியிருந்தது. குனியாமல் நிற்க, கிளாம்புக்கு அடியில் உலோகக் கட்டை வைத்து பாரை உயர்த்துவார்கள்.

தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காதைக் கிழிக்கும் சைலன்சர்களை நினைத்தால் எனக்கு அதில் முழுச் சம்மதம். ஆனால் உஸ்தாத் எனக்குச் செய்ததில் ஒரு பாகம்கூட மாறவில்லை.

போல்ட்டை இறுக்கியபின், பாரிலும் கிளாம்பிலும் நேருக்கு நேர் ஒரு பஞ்ச் புள்ளி குத்தினார்: யார் கழற்றினாலும் என் இடம் தெரிய. இப்போது அந்த வண்டியை ஓட்டுவது என்னைவிட நான்கு அங்குலம் உயரமான என் மகள். பாரில் என் புள்ளிக்குப் பக்கத்தில், ஒரு நெல்மணி தள்ளி, அவளுடைய புள்ளி இருக்கிறது.