"நாடு இப்ப எப்படி இருக்குது, சேர்?"



ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நாலைந்து அழைப்புகள் வரும். ரொறன்ரோவிலிருந்து ஒன்று, லண்டனிலிருந்து ஒன்று, சில வேளை பாரிஸிலிருந்தும். சுகம் விசாரித்து முடிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நாடு இப்ப எப்படி இருக்குது, சேர்?" "பரவாயில்லை" என்று சொல்லி முடித்துவிடுவேன். பிறகு மனம் கேட்காது. முப்பத்தைந்து வருடம் வரலாறு படிப்பித்தவன் ஒரு சொல்லில் தப்பிப் போகலாமா? ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். முடிவில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்லவேண்டிய கடன் ஒன்றும் இருக்கிறது.

எனக்கு இரண்டு வயது நடக்கும்போது, 1953இல், கூப்பன் அரிசியின் விலையை அரசாங்கம் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். பொலிஸ் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இதை நான் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அரிசியில் கை வைக்கும்போது ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசித்தது. சாதாரண சனத்தின் சோற்றுப்பானை அன்றிலிருந்து தேர்தல் மேடையில்தான் கொதித்தது.

எனக்கு நினைவு தெரிந்த முதல் பெரிய தட்டுப்பாடு 1973, 74. நான் அப்போது பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. நாட்டிடம் வெளிநாட்டுப் பணம் இல்லை. பாணுக்கு விடியப்புறம் வரிசை. துணிக்கும் கூப்பன். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வீதித் தடைகளில் பஸ்ஸை மறித்துப் பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். தெற்கிலே எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு.

அதே நேரம் எங்கள் ஊரில் என்ன நடந்தது? சிறிமா அம்மையாரின் அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. நாடு முழுவதும் கறிக்கு எங்கள் செம்மண்ணைத்தான் பார்த்திருந்தது. ஐயாவிடம் இருந்தது பன்னிரண்டு பரப்புத் தோட்டம். துலா மிதித்து இறைத்தவர் கடன்பட்டு இறைப்பு மெஷின் வாங்கியிருந்தார். இரண்டு போகத்தில் கடன் தீர்ந்தது. சுன்னாகம் சந்தையில் லொறிகள் வரிசையாக நின்று வெங்காயம் ஏற்றின. மண்சுவரும் ஓலையுமாக இருந்த எங்கள் வீடு 1974இல் கல்வீடாகியது. அக்காவின் கலியாணமும் அந்த வருடந்தான்.

பேராதனையில் என் அறைத் தோழன் கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெடியன். விடுமுறைக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தான். முற்றம் நிறையக் காயப்போட்டிருந்த மிளகாயைப் பார்த்துவிட்டு, "எங்கட அம்மா கறிக்கு மிளகாயை எண்ணித்தான் போடுறவ" என்றான். நான் சிரித்தேன். பிடி மிளகாய் கட்டிக் கொடுத்துவிட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவனுடைய அம்மா எப்படிச் சமாளிக்கிறா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கு நல்ல காலம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. கொழும்புக் கடைகளில் இல்லாத சாமான் இல்லை என்ற நிலை வந்தது. பாண் வரிசை மறைந்தது. தெற்கில் எத்தனையோ பேருக்கு அது மூச்சுவிட்ட காலம். எங்கள் பக்கத்தில் அந்த ஓகஸ்ட் மாதமே இனக்கலவரத்தில் அடிபட்டுத் தெற்கிலிருந்து உறவுகள் வந்து சேர்ந்தார்கள். அடுத்தாற்போல இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் வந்தன. சந்தையில் விலை விழுந்தது. ஐயா ஒருநாள் விற்காத வெங்காயத்தைத் திருப்பி வண்டிலில் கொண்டுவந்தார். வாசலில் வண்டிலை விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். நான் அப்போது ஆசிரியனாகி ஒரு வருடந்தான். என் சம்பளத்தில் வீட்டுச் சாமான் வாங்கத் தொடங்கியது அந்த மாதத்திலிருந்துதான்.

பிறகு 1983. அதைப் பற்றி இங்கே எழுத இடம் போதாது. உங்களில் பாதிப்பேரின் குடும்பங்கள் வெளிநாடு போன கதை அங்கேதான் தொடங்குகிறது.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து, சவர்க்காரம், கடதாசி என்று எல்லாமே அருமையாகிப் போயின. ஐந்து வருடத்துக்கு மேல் அப்படி வாழ்ந்தோம். எப்படி என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? யாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி. கடலை அளவு வெளிச்சம். சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். பனங்காயால் உடுப்புத் தோய்த்தோம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைவிட்டு ஓடின. பத்திரிகை கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. கொழும்புக்குப் போவதென்றால் இருட்டில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்கவேண்டும். கடந்தவர் எல்லாரும் கரைசேரவில்லை.

அந்தக் காலத்தில் கொழும்பில் மின்விளக்கு எரிந்தது, கடைகளில் சாமான் இருந்தது. அங்கும் குண்டு வெடித்த நாட்கள் உண்டு. தெற்கின் தாய்மாரும் பெடியங்களை இழந்தார்கள். ஆனால் விளக்கும் சவர்க்காரமும் அங்கே செய்தியாக இருக்கவில்லை. கேகாலைத் தோழனிடமிருந்து அந்த ஐந்து வருடத்தில் ஒரு கடிதந்தான் வந்தது. "சுகமாக இருக்கிறாயா" என்று கேட்டிருந்தான். விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. முற்றத்தில் நின்று சிரித்த என்னை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மற்றச் சாமான்களை விட்டு, வகுப்பு இடாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏன் என்று இன்றும் தெரியாது. அடுத்த வருடம் திரும்பி வந்து இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டபோது பாதிக்கு மேல் பதில் இல்லை.

2002இல் சமாதான ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. ஐஸ்கிறீம், புதிய மோட்டார் சைக்கிள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நீங்கள் என்று ஊரே கலகலத்தது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டியது. சங்கக்கடை வரிசை மறுபடி நீண்டது. 2009இல் யுத்தம் முடிந்த விதமும், அதில் போனவர்களும் உங்களுக்குத் தெரியும். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது, அதைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு கேட்ட கூவல்.

பிறகு 2022. கையிருப்பில் டொலர் இல்லை. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசை. வரிசையில் நின்றே செத்தவர்களும் உண்டு. முதல் வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததால் விளைச்சலும் படுத்திருந்தது. கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சந்தியில் எல்லாரும் சொன்னது: "எங்களுக்கு இது புதுசில்லை. இனித் தெரியட்டும் அவைக்கு." நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சந்தோசம் ஒரு மாதம் நீடிக்கவில்லை. கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். எரிபொருள் இல்லையென்று பள்ளிக்கூடம் பூட்டி, வகுப்பு ஒன்லைனில் நடந்த நேரம். பேரன் ஒப்படை அனுப்பவில்லை என்று ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசினாவாம். "கரண்ட் இல்லாமல் பிள்ளை எப்படியப்பா அனுப்புறது? அது அந்த ரீச்சருக்குத் தெரியாதா?" என்று அழுதாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஏனென்றால் அந்த ரீச்சர் நான்தான்.

1992. பத்தாம் வகுப்பு. பிரெஞ்சுப் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன்; பாண் விலை ஏறியதும் பாரிஸ் பெண்கள் வெர்சாய்க்கு நடந்ததும் என்று உருக்கமாகச் சொன்னேன். கட்டுரை எழுதிவரச் சொல்லி மூன்று நாளாகியும் ஒரு மாணவன் கொண்டுவரவில்லை. காரணம் கேட்டேன், குனிந்துகொண்டு நின்றான். பாடம் முடியும்வரை வெளியே வெயிலில் நிற்கவைத்தேன். பின்னேரம் இன்னொரு மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சேர், அவையின்ர வீட்டில ஒரு விளக்குத்தான். தமையன் ஏ.எல் எடுக்கிறார். அவர் படுத்தாப் பிறகுதான் இவனுக்கு விளக்கு. அதுக்குள்ள எண்ணெய் முடிஞ்சிடும்."

எங்கள் வீட்டிலும் அதே போத்தல் விளக்குத்தான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு எழுத்துவேலை கொடுப்பதை நிறுத்தி, பாடத்தின் கடைசி இருபது நிமிடத்தை எழுதுவதற்கு விட்டேன். அது உங்களில் பலருக்கு நினைவிருக்கும், காரணம் தெரிந்திராது. அந்த மாணவனிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இடப்பெயர்வுக்குப் பிறகு கூப்பிட்ட இடாப்பில் பதில் இல்லாத பெயர்களில் அவனுடையதும் ஒன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 செப்ரெம்பரில் கொழும்பில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடுத்த வருடமே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அதற்காக விலை இறங்கியது என்று நினைக்கவேண்டாம். ஏறிய இடத்திலேயே நிற்கிறது, முன்போல ஓடவில்லை, அவ்வளவுதான். சம்பளம் பின்னால் நொண்டி நொண்டி வருகிறது. வரிசைகள் இல்லை. மின்சாரம் இருக்கிறது, கட்டணந்தான் கடிக்கிறது. ஓய்வூதியத்தில் நான் சமாளிக்கிறேன். பக்கத்து வளவில் கூலிக்குப் போகும் பிள்ளை சமாளிக்கிறாளா என்று போன வாரந்தான் போய்க் கேட்டேன். இல்லை என்றாள்.

ஆகவே அடுத்த ஞாயிறு "நாடு எப்படி" என்று கேட்டால், "யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கோபிக்காதீர்கள்.

தம்பி, உன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வெயிலில் நின்றது நீ. இதை வாசித்தால் உனக்குத் தெரியும். பிழை என்னுடையது. இப்போது உனக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். எங்கே இருந்தாலும் ஒருமுறை போன் எடு. கட்டுரையைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சேர்