உள்ளத்தை அளந்த மைசூர்

விஜயநகரில் வாழும் நம்மவர் பலர், மாலை வேளையில் அருகிலுள்ள மானசகங்கோத்திரியில் உலவி வருவதுண்டு. உள்ளத்தின் ஊற்றுக்கண் எனப் பொருள்படும் அப்பெயரைச் சூட்டியவர் கவிஞர் குவெம்பு. அவ்வளாகம் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, உள்ளத்தை ஆராயும் உளவியல் இந்நகரில் வேரூன்றிவிட்டது.

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் கண்டார். தத்துவத்தின் மடியில் வளர்ந்த உளவியல், சோதனையால் மெய்ப்பிக்கும் அறிவியலாயிற்று. நம் நாட்டில் கல்கத்தாவை அடுத்து, 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அத்துறை தோன்றியது. அதனை நிறுவியவர், இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி. 1935-இல் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் தொடங்கியவரும் அவரே. 'ஆகாசவாணி' என்னும் அதன் பெயரைப் பின்னர் நாடே ஏற்றது.

நுண்ணறிவை அளக்கும் முறையை 1905-இல் வகுத்தவர்கள் பாரிஸ் நகரத்துப் பினேயும் சீமோனும் ஆவர். எளியதில் தொடங்கி அரியதில் முடியும் முப்பது வினாக்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வினா, ஒரே முறை. கற்பதில் பின்தங்கிய குழந்தையைக் கண்டறிந்து உதவுவதே நோக்கம், ஒதுக்குவதன்று.

ஆயினும் மேனாட்டுக் கோலை அப்படியே இங்கு நாட்டலாமா? ஒலியொத்த சொற்களைக் கேட்டால், ஆங்கிலச் சிறுவன் ஈற்றோசையை நாடுவான். எதுகை பயின்ற நம் சிறுவனோ இரண்டாம் எழுத்தை நாடக்கூடும். பிழை அவனதா, வினாவினதா? இதனை உணர்ந்தே, வி. வி. காமத் என்னும் அறிஞர் கன்னட, மராத்தியக் குழந்தைகளுக்கேற்பப் பினேயின் சோதனையைத் திருத்தி 1934-இல் வெளியிட்டார். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இம்மண்ணின் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தே எவ்வினா எவ்வயதிற்கு உரியது என வரையறுத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை நான் என் இல்லத்திலேயே கற்றேன். பணிமாற்றத்தால் இந்நகர் வந்த ஆண்டில், பள்ளியொன்றில் கன்னடத்தில் கேட்ட வினாக்களுக்கு என் மூத்த மகன் வாய் திறவாது நின்றான். 'மந்தபுத்தி' என்று குறித்தனுப்பினர். அன்றிரவு அவ்வினாக்களையே அவன் தாய் தமிழில் கேட்டாள். ஒன்றிரண்டு நீங்கலாக அனைத்திற்கும் விடை சொன்னான். மறு ஆண்டு கன்னடத்திலும் சொன்னான்.

அளவுகோல் பிழையாயின் அளந்தது எதுவும் மெய்யாகாது. புலம்பெயர்ந்து வாழும் பெற்றோர் ஒரு தாளில் எழுதிய எண்ணைக் கண்டு கலங்கற்க. எந்த மொழியில் கேட்டனர் என்று முதலில் வினவுக.